தொலைவை அளக்கும் கண்கள்



தொலைவில் உள்ள பொருளை அருகில் இருப்பதுபோலக் காட்டும் கருவி மனிதனுக்குக் கிடைத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அப்பொருள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை, நின்ற இடத்திலிருந்தே செம்மையாகச் சொல்லும் கருவி கிடைத்தோ நூற்றைம்பது ஆண்டுகள்கூட நிறையவில்லை. இவ்விரண்டும் ஒன்றாக இணைந்து, ஒருவர் கழுத்தில் மாட்டிக்கொள்ளத்தக்க சிறு கருவியாக விற்பனைக்கு வந்தது 1992 ஆம் ஆண்டில்தான். தொலைவுமானி பொருந்திய பைனாகுலர் என்று அதனைக் கூறலாம். மேலை நாட்டு மலைகளிலும் காடுகளிலும் வேட்டையாடுவோர் இன்று அதனைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். அக்கருவியின் வரலாற்றையும், அதனைத் தேர்ந்தெடுப்பவர் கருத வேண்டியவற்றையும் உங்களுக்கு எடுத்துரைக்க விழைகிறேன்.

நம் நாட்டில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991 இல் வந்த திருத்தமும் வேட்டைக்குப் பெரும்பாலும் முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. அங்ஙனமிருக்க, வேட்டைக் கருவியைப் பற்றி நமக்கு எதற்குப் பேச்சு என்று நீங்கள் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும், நீங்கள் வகுப்பறையில் கற்கும் முக்கோணமும் ஒளியின் வேகமும் இக்கருவிக்குள் ஒன்றையடுத்து ஒன்றாகக் குடிபுகுந்த வரலாறு அறியத்தக்கது. ஆற்றலைத் தரும் கருவி அந்த ஆற்றலின் எல்லையையும் காட்டுமா என்ற கேள்வியும் அவ்வரலாற்றில் அடங்கியிருக்கிறது.

முதலில் காணும் கருவியை நோக்குவோம். 1608 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், ஒல்லாந்து நாட்டின் மிடல்பர்க் நகரத்துக் கண்ணாடித் தொழிலாளர் ஹான்ஸ் லிப்பர்ஷே என்பவர், தொலைநோக்கிக்கு உரிமை வேண்டி நாட்டின் மாமன்றத்திற்கு விண்ணப்பித்தார். மன்றத்தார் கருவியை மெச்சினர். ஆனால், இரு கண்களாலும் பார்க்கும்படி செய்து தருக என்று கேட்டனர். அவரும் செய்து தந்து ஊதியம் பெற்றார். உரிமை மட்டும் கிட்டவில்லை. ஆக, ஒரு கண் தொலைநோக்கி பிறந்த ஆண்டிலேயே இருகண் தொலைநோக்கிக்கும் வித்திடப்பட்டுவிட்டது.

அது நல்ல கருவியாக வளர நெடுங்காலம் ஆயிற்று. இரண்டு நீண்ட குழல்களைக் கையில் ஏந்துவது எளிதன்று. இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854 இல், கண்ணாடிப் பட்டகங்களால் ஒளியை மடக்கித் திருப்பும் முறைக்கு உரிமை பெற்றார். அம்முறையால் குழல் குறுகும். தலைகீழாக விழும் உருவமும் நேராகும். ஆனால், அதற்கேற்ற தூய கண்ணாடி அன்று இல்லை. ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் அபே, ஒட்டோ ஷாட் ஆகியோர் கண்ணாடி உருக்கும் கலையையே சீர்திருத்திய பிறகு, 1894 இல் ஜைஸ் நிறுவனம் பட்டகப் பைனாகுலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று கடைகளில் காணும் பைனாகுலர்கள் பலவும் அதன் வழிவந்தவையே.

இங்கு ஒன்றை நாம் மறத்தலாகாது. தொலைநோக்கி உண்மையைக் காட்டுகிறது. அதனோடு ஒரு மயக்கத்தையும் உண்டாக்குகிறது. நான் கணிதம் கற்பித்த காலத்தில், மாணவர்களைத் திடலுக்கு அழைத்துச் சென்று, எதிரே தெரியும் மரம் எத்தனை மீட்டர் தொலைவில் உள்ளது என்று மதிப்பிடச் சொல்வதுண்டு. முப்பது பேர் முப்பது விடை கூறுவர். பைனாகுலர் வழியே நோக்கிய பின் கேட்டால், பெரும்பாலோர் முன்னர்ச் சொன்னதைவிடக் குறைத்தே சொல்வர். பெரிதாகத் தெரிவதை அருகில் இருப்பதாகக் கொள்வது மனத்தின் இயல்பு. தெளிவாகக் காண்பவரும் தொலைவைத் தவறாகக் கருதக்கூடும்.

அப்படியானால் தொலைவை அளப்பது எங்ஙனம்? பழைய வழி முக்கோணம். உங்கள் சுட்டுவிரலை முகத்திற்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். விரல் இடம் பெயர்வதுபோலத் தோன்றும். விரல் அருகில் இருந்தால் பெயர்ச்சி மிகுதி, விலகினால் குறைவு. இரு கண்களுக்கும் இடையே உள்ள அகலம் முக்கோணத்தின் அடிக்கோடு. விரல் அதன் உச்சி. அடிக்கோட்டின் நீளமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் உச்சியின் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். 1802 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்டன் நம் சென்னைக்கு அருகில் பரங்கிமலைப் பகுதியில், 100 அடி எஃகுச் சங்கிலியால் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்தது இக்கணக்கிற்காகவே. இந்திய நாட்டை முக்கோணங்களால் அளந்த பெரும் பணி அக்கோட்டை ஆதாரமாகக் கொண்டு வளர்ந்தது.

நில அளவையாளருக்கு அடிக்கோடு அளக்கக் காலம் உண்டு, போர்வீரனுக்கு இல்லை. 1888 இல் ஆங்கிலேயப் போர்த்துறை, காலாட்படைக்குத் தொலைவுமானி வேண்டும் என்று விளம்பரம் செய்தது. லீட்ஸ் நகரத்துக் கல்லூரியில் பணியாற்றிய பொறியியல் பேராசிரியர் ஆர்ச்சிபால்ட் பார், இயற்பியல் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரௌட் என்னும் இருவரும் அதனைக் கண்டு ஒரு கருவியை அமைத்தனர். ஒரு நீண்ட குழலின் இரு முனைகளிலும் ஒளி புகும்; நடுவே ஒரு கண்ணால் நோக்குபவருக்கு உருவம் மேல்பாதி, கீழ்பாதி என்று பிரிந்து தெரியும். திருகைத் திருப்பி இரு பாதிகளையும் ஒன்றுசேர்த்தால், அளவுகோலில் தொலைவைப் படித்துக்கொள்ளலாம். அடிக்கோடு குழலுக்குள்ளேயே அடங்கிவிட்டது. தரைப்படையின் தேர்வில் அக்கருவி வெல்லவில்லை. ஆயினும் கடற்படை அவர்களை நாடியது. 1892 இல் அரெதூசா என்னும் கப்பலில் நடந்த சோதனையில் அவர்களது கருவி வென்றது. பின்னர் அவர்கள் பெயரால் கிளாஸ்கோவில் ஒரு பெருந்தொழிலே உருவாயிற்று.

முக்கோண முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தொலைவு இருமடங்கானால் பிழை நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். பிழையைக் குறைக்க அடிக்கோட்டை நீட்ட வேண்டும். ஆகவே கப்பல்களின் தொலைவுமானிகள் நீண்டுகொண்டே போயின. 1916 ஆம் ஆண்டு மே 31 அன்று ஜட்லாந்துக் கடற்போரில், இரு கண்களாலும் நோக்கி ஆழத்தை உணரும் முறையில் அமைந்த ஜைஸ் கருவிகளைக் கொண்டிருந்த ஜெர்மானியர், தொடக்கத்தில் ஆங்கிலேயரைவிட விரைவாகத் தொலைவைப் பிடித்தனர். 1941 இல் பணிக்கு வந்த யமாட்டோ என்னும் ஜப்பானியப் போர்க்கப்பலின் தொலைவுமானி 15 மீட்டர் நீளமுடையது. இவ்வளவு நீளக் கருவியை ஒரு வேடர் தோளில் சுமத்தல் இயலுமா? கையளவுக் கருவியில் அடிக்கோடு ஒரு சாணை எட்டுவதே அரிது. எனவே, காணும் கருவி வேடருக்குக் கிடைத்து நெடுநாள் ஆன பின்னும், அளக்கும் கருவி எட்டாக்கனியாகவே இருந்தது.

வேடருக்குத் தொலைவு ஏன் தெரிய வேண்டும்? துப்பாக்கியை விட்டுப் புறப்பட்ட கணம் முதல் தோட்டா கீழ்நோக்கி விழத் தொடங்குகிறது. நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் செல்லும் தோட்டா, காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிடில், 200 மீட்டரைக் கடக்கும்போது ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் தாழும். 300 மீட்டரில் 69. 400 மீட்டரில் 123. காற்றுத் தடையையும் சேர்த்தால் இன்னும் மிகும். 400 மீட்டரில் நிற்கும் மானை 300 மீட்டரில் நிற்பதாகக் கருதிச் சுட்டால், தோட்டா கருதிய இடத்திற்கு வெகுவாகக் கீழே செல்லும். மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதியோ ஏறத்தாழ ஒரு சாண் அளவே. மான் உடனே சாகாது. கால் முறிந்தோ குடல் கிழிந்தோ காட்டுக்குள் ஓடிப் பல நாள் துன்புற்று மடியும். மதிப்பீட்டில் நேர்ந்த பிழைக்கு விலை கொடுப்பது வாயற்ற விலங்கு.

இந்நிலையை மாற்றியது லேசர். 1960 ஆம் ஆண்டு மே 16 அன்று அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். இறுகக் குவிந்த அவ்வொளியை ஒரு நொடிப்பொழுதிலும் மிகச் சிறிய துடிப்பாக அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்தால் தொலைவு கிடைத்துவிடும். இதில் முக்கோணம் இல்லை, அடிக்கோடும் வேண்டா. ஒளி நொடிக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்வது. 300 மீட்டர் சென்று திரும்ப, அதற்கு நொடியின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு நேரமே ஆகும். ஒரு மீட்டர் வேறுபாட்டை உணர வேண்டுமாயின், நொடியின் நூறு கோடியில் ஏழு பங்கு அளவிலான நேரத்தைக் கருவி பிரித்தறிய வேண்டும். மின்னணுவியல் அதனைச் சாதித்தது. 1969 ஜூலையில் நிலவில் இறங்கிய வீரர்கள் அங்கு ஓர் எதிரொளிப்பானை வைத்து வந்தனர். பூமியிலிருந்து அனுப்பிய லேசர் ஒளி அதில் பட்டு ஏறத்தாழ இரண்டரை நொடியில் திரும்பியது. நிலவை அளந்த அதே முறை, கருவிகள் சிறுத்துக்கொண்டே வர, 1992 இல் லைக்கா நிறுவனத்தின் ஜியோவிட் என்னும் பைனாகுலருக்குள் வந்து அமர்ந்தது.

இனி, இத்தகைய கருவியைத் தேர்ந்தெடுப்பவர் கருத வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, அது அளக்கும் கருவியாவதற்கு முன் காணும் கருவி. 8×42 என்றால் எட்டு மடங்கு பெருக்கமும், 42 மில்லிமீட்டர் அகலமுள்ள முகப்பு வில்லையும் கொண்டது என்பது பொருள். 42 ஐ 8 ஆல் வகுத்தால் 5.25, கண்ணுக்குள் புகும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். 10×42 கருவியில் அது 4.2 ஆகக் குறையும். விலங்குகள் நடமாடும் விடியலிலும் அந்தியிலும் இளைஞரின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். முதியவருக்கு அவ்வளவு விரியாது. பெருக்கம் மிகும்போது கைநடுக்கமும் சேர்ந்து பெருகும். எனவே அடர்ந்த காட்டிற்கு எட்டும், திறந்த மலைச்சரிவிற்குப் பத்தும் ஏற்றவை என்பர். தொலைவை எண்ணாகக் காட்டும் ஏற்பாடு ஒளியில் சிறு பங்கை எடுத்துக்கொள்ளக் கூடுமாதலால், நண்பகலில் அன்றி மங்கிய ஒளியில் நோக்கி வாங்குதல் நலம்.

இரண்டாவது, விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் நெடுந்தொலைவு எண்ணைக் கண்டு மயங்கலாகாது. ஒளியை நன்கு திருப்பும் பலகைக்கு உரிய எண் அது. மானின் தோல் ஒளியைக் குறைவாகவே திருப்பும்; மூடுபனியும் மழையும் அளவை மேலும் குறுக்கும். விலங்கைக் குறித்துத் தனியே தந்துள்ள எண்ணையே பார்க்க வேண்டும். முன்னே நிற்கும் புல்லையும் கிளையையும் அளந்துவிட்டு, மானை அளந்ததாகக் கருவி சொல்லிவிடவும் கூடும். அவற்றைத் தாண்டிய பொருளை அளக்கும் ஏற்பாடு உண்டா என்று காண்க.

மூன்றாவது, சாய்வு. 30 பாகைச் சரிவில் மேலே 300 மீட்டரில் நிற்கும் விலங்கிற்குக் கிடைத்தளத் தொலைவு 260 மீட்டரே. தோட்டாவின் வீழ்ச்சி பெரிதும் இதனையே சார்ந்தது. ஆகவே, மலையில் வேட்டையாடுபவருக்குக் கோணத்தையும் அளந்து திருத்திச் சொல்லும் கருவி வேண்டும். எடை ஏறத்தாழ ஒரு கிலோகிராம் வரை இருக்கும். நாள் முழுதும் சுமக்க வேண்டியது அது. கடுங்குளிரில் மின்கலம் சோர்ந்துபோவதையும் நினைவிற்கொள்க.

இவையெல்லாம் நிறைந்த கருவியும் சொல்லாதவை சில உண்டு. வழியில் வீசும் காற்றை அது முழுதும் அறியாது. தோட்டா செல்லும் அரை நொடிக்குள் மான் ஓரடி எடுத்து வைக்குமா என்பதை எக்கருவியும் அறியாது. தொலைவு செம்மையாகத் தெரிந்துவிட்டதாலேயே நெடுந்தொலைவிலிருந்து சுடத் துணிவோரும் உளர். மயக்கத்தைத் தீர்க்க வந்த கருவி அவர்களிடம் புதிய மயக்கத்தை உண்டாக்கிவிடுகிறது.

1887 இல் தியடோர் ரூஸ்வெல்ட் முதலியோர் அமெரிக்காவில் நிறுவிய பூன் அண்டு கிராக்கெட் கழகம், விலங்கிற்குத் தப்பும் வாய்ப்பைத் தரும் நேர்மையான வேட்டையே வேட்டை என்று வற்புறுத்தியது. ஜெர்மனியில், தேர்வு எழுதித் தேறியவருக்கே வேட்டை உரிமம் தரப்படுகிறது; விலங்கிற்குத் தவிர்க்கத்தக்க துன்பம் நேராதபடி காப்பது அங்குச் சட்டம் விதித்த கடமை. அத்தகைய மரபில் நிற்கும் வேடர், திரையில் 410 என்று எழுந்த எண்ணைக் கண்டதும், தம் கைத்திறனின் எல்லை 250 என்று அறிந்தவராயின், துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு நடப்பார். அவ்விடத்தில்தான் அக்கருவி தன் விலைக்குரிய பணியைச் செய்கிறது என்பேன்.

மாணவர்களே, கப்பல்கள் ஒன்றையொன்று அழிப்பதற்காக வளர்ந்த தொலைவுமானி, ஒரு மானை உயிரோடு விட்டுச் செல்லவும் காரணமாகக் கூடும். அது கருவியின் குணமன்று. எண்ணைப் படிப்பவரின் குணம். நீங்கள் வேட்டையாடப் போவதில்லை. ஆனால், நெடுந்தொலைவைத் தொடவல்ல பல கருவிகள் உங்கள் கைக்கு வரும். கருவி எவ்வளவு தொலைவு செல்லும் என்று கேட்பதோடு நில்லாமல், நான் எவ்வளவு தொலைவு செல்லத் தகும் என்றும் கேட்டுப் பழகுங்கள்.