சீட்டுக் கைதியும் மேல்முறையீடும்

பினாங்கில் டத்தோ கிராமாட் வட்டாரத்திற் செல்வோர், 1849-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற சிறைச்சாலையின் மதிலைக் காணாதிரார். அந்நகரத்துக் கோயில்களையும் செட்டிமார் கிட்டங்கிகளையும் பற்றிப் பெருமை பேசும் நம்மவர், அங்கே பாதை வெட்டிய கைதிகளைப்பற்றி வாய் திறப்பதில்லை. சங்கிலி பூண்ட முன்னோரை நினைக்க நாணமோ, யாமறியோம்.

1802-இல் சிவகங்கை வேங்கன் பெரிய உடையணத் தேவர், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட 73 பேர் தூத்துக்குடியிலிருந்து இத்தீவுக்கென நாடுகடத்தப்பெற்றனர். அவர்கள் அரசியற் கைதிகள். சாதாரணக் குற்றங்களுக்காகத் தீவாந்தர சிட்சை பெற்று வந்தோரோ மிகப் பலர். இவர்களை ஆள்வதற்கு 1845-இல் கவர்னர் பட்டர்வொர்த் விதிகள் வகுத்தார். அவற்றின்படி கைதிகள் ஆறு வகுப்பினராயினர். புதிதாய் வந்தவன் இரும்பு பூண்டு வேலை செய்வான். நன்னடத்தை காட்டினால் படிப்படியாக உயர்வான். ஆயுட்கைதியாயின் 16 ஆண்டு கழிந்தபின் முதல் வகுப்பில் விடுதலைச் சீட்டுப் பெறலாம். சீட்டுப் பெற்றவன் வெளியே குடியிருந்து தன் உழைப்பால் வயிறு வளர்க்கலாம். ஆயினும் அவன் விடுதலை அடைந்தவனல்லன். பிணை வேண்டும்; குறித்த நாளில் அதிகாரிமுன் தோன்ற வேண்டும்; தவறினால் சீட்டுப் போம், பழைய சங்கிலி திரும்பும்.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். 1807-ஆம் ஆண்டு அரச சாசனத்தாலேயே பினாங்குக்கு நீதிமன்றம் வந்துவிட்டது. வணிகன் தன் கடனுக்கு அங்கே வழக்காடினான். சீட்டோ நீதிமன்றம் தீர்த்த உரிமையன்று, நிர்வாகத்தார் அளித்த சலுகை. சலுகை பறிபோனவன் எந்தத் தீர்ப்பை எதிர்த்து முறையிடுவான்? தீர்ப்பென்று ஒன்று இருந்தாலன்றோ! எஞ்சியது மனு; மனுவுக்கு விடை தயவு. பதினாறு ஆண்டு உழைப்பு ஓர் அதிகாரியின் மனநிலையில் தொங்கிற்று. இம்முறையை அக்காலத்து ஆங்கிலேயர் சிலர் சிறைச் சீர்திருத்தத்தின் சிகரமென்று புகழ்ந்தனர். புகழ்ந்தவருள் கைதி எவனும் இருந்திரான்.

1867-இல் இக்குடியேற்றங்கள் இந்திய சர்க்காரின் கையினின்று நீங்கின. 1873-இல் எஞ்சிய கைதிகள் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர்.

பிற்காலச் சட்டம் சலுகையை நீதிமன்றத்தின் கைக்கு மாற்றியது. இந்தியாவின் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, பிணை நிபந்தனையை மீறியவனை நீதிமன்றம் மூலக் குற்றத்துக்கே தண்டிக்கலாம்; முதன்முறை மீறலாயின் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத தண்டத்தோடும் விடலாம். நன்னடத்தையில் விடும் உத்தரவின்மேல் மேல்முறையீடு உண்டென்று 11-ஆம் பிரிவு கூறுகின்றது. மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 294-ஆம் பிரிவும் இத்தகைய பிணையில் விடுவதற்கு இடந்தருகிறது.

ஆனால் ஏழைத் தொழிலாளி அறியவேண்டுவது வேறொன்று. பிணையில் விட்டுவிடுவார்கள் என்னும் நம்பிக்கையில் அவன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொண்டவனுக்கு 305-ஆம் பிரிவு ஒரு கதவை அடைத்துவிடுகிறது. குற்றமே செய்யவில்லை என்று பின்னர் அவன் மேலே முறையிடல் ஆகாது. தண்டனையின் அளவு, அதன் சட்டப்பொருத்தம் ஆகிய இரண்டையே எடுத்துரைக்கலாம். நிபந்தனை மீறித் தண்டனை வந்து விழுந்த பின்னரே பெரும்பாலோர் இதனை உணர்கின்றனர். அப்பொழுதும் மேல்முறையீட்டு அறிவிப்பைக் கொடுப்பதற்குத் தீர்ப்பு நாளிலிருந்து 14 நாட்களே உண்டு.