முகிலுக்குள் ஓடுபாதையைக் காட்டும் இரண்டு கற்றைகள்

விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடி வளர்ந்தவன் நான். முதன்முறை விமானத்தில் ஏறி, மழை இரவொன்றில் கட்டுநாயக்கவில் இறங்கியபோது யன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. விமானிக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்ற கேள்வி அன்று எழுந்தது.

விமானிக்கும் தெரிவதில்லை. அவர் பார்ப்பது இரண்டு முட்களைத்தான்.

ஐ.எல்.எஸ். எனப்படும் இந்த முறையில் நிலத்திலிருந்து இரண்டு வானொலிக் கற்றைகள் அனுப்பப்படுகின்றன. ஓடுபாதையின் மறுமுனைக்கு அப்பால் வரிசையாக நிற்கும் அன்ரனாக்கள் இடம் வலம் காட்டுபவை. இறங்கிவரும் விமானத்துக்கு இடப்பக்கத்தில் 90 ஹேர்ட்ஸ் தொனியும் வலப்பக்கத்தில் 150 ஹேர்ட்ஸ் தொனியும் ஓங்கியிருக்கும். இரண்டும் சமமானால் விமானம் நடுக்கோட்டில் வருகிறது. ஒன்று கூடினால் முள் விலகும். சக்கரங்கள் நிலந்தொடும் இடத்துக்கு அருகே, ஓடுபாதையின் ஓரத்தில் இன்னொரு அன்ரனா உண்டு. அது அதே தொனிகளை மேல் கீழாகப் பிரித்து, வழக்கமாக 3 பாகைச் சரிவொன்றைக் காட்டும்.

முதலாம் வகைத் தரையிறக்கத்தில் 200 அடி வரை முட்களைப் பார்த்தே இறங்கலாம். அதற்குள் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணில் படாவிட்டால் மீண்டும் மேலெழும்ப வேண்டும்.

ஆனால் முள்ளை மட்டும் நம்பக்கூடாது. சரிவுக் கற்றை பெரும்பாலும் அன்ரனாவுக்கு முன்னாலுள்ள நிலத்தில் பட்டுத் தெறித்தே உருவாகிறது. அங்கே ஒரு வாகனம் நின்றாலும் அது வளையலாம். எனவே விமானி உயரமானியையும் பார்த்துக் கணக்குப் போடுவார். ஒரு கடல்மைலுக்கு ஏறத்தாழ 320 அடி. ஓடுபாதைக்கு 5 கடல்மைல் இருக்கையில் 1,600 அடியளவில் இருக்கவேண்டும். அதிலும் மிகக் குறைந்தால், முள் நடுவில் நின்றாலும் சந்தேகிக்க வேண்டும்.

1978 நவம்பர் 15 இரவு, ஜித்தாவிலிருந்து இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களோடு வந்த ஐஸ்லாந்தின் டீ.சி.8 விமானம், கட்டுநாயக்க ஓடுபாதையை எட்டுமுன்னே தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தனர். உயரத்தை அறிய எல்லாக் கருவிகளையும் விமானிகள் பயன்படுத்தவில்லை என்றது இலங்கை விசாரணை. ஐ.எல்.எஸ். பராமரிப்பிலும் கட்டுப்பாட்டாளர்களின் வழிகாட்டலிலும் பிழை என்றது ஐஸ்லாந்துத் தரப்பு. என் பார்வையில் இவை ஒன்றையொன்று மறுக்கவில்லை. கற்றை பிழைத்திருந்தால், அதைக் காட்டிக்கொடுக்கக்கூடியது உயரமானிதான்.