மாமரத்து ஈயும் ஒரு கைக்குட்டையும்

மதுரைக்கு வடக்கே அழகர்மலை அடிவாரம், நத்தம் பக்கத்து மாந்தோப்புகளில் சீசன் நேரத்தில் சில மரங்களில் பிளாஸ்டிக் டப்பா தொங்கும். உள்ளே மருந்தில் ஊறிய ஒரு பிளைவுட் துண்டு, கீழே செத்துக் கிடக்கும் ஈக்கள். எடுத்துப் பார்த்தால் அத்தனையும் ஆண் ஈ! பழத்தில் ஊசி போல் குத்தி முட்டையிடுவதோ பெண் ஈ. பிறகு ஏன் ஆணைப் பிடிக்கிறார்கள்?

(வாழைப்பழத் தட்டைச் சுற்றும் பொடி ஈ, ஸுவாலஜி லேபில் பாட்டிலில் வளரும் டிரோசோஃபிலா, அது வேறு குடும்பம். இதன் பெயர் பாக்ட்ரோசீரா. மஞ்சள் கோடு போட்ட குட்டிக் குளவி மாதிரி இருக்கும்.)

விடை பீகாரில் இருக்கிறது. அங்கே பூசா என்ற ஊரில் 1905-ல் வெள்ளைக்காரர்கள் விவசாய ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அதில் பூச்சியியல் அறிஞராக இருந்தவர் ஹௌலட். அவருடைய அண்டை வீட்டுக்காரர் கொசுவை விரட்டக் கைக்குட்டையில் சிட்ரோனெல்லா எண்ணெய் தடவிக்கொண்டார். கொசு போனதோ இல்லையோ, பழ ஈக்கள் வந்து மொய்த்துவிட்டன. எல்லாமே ஆண். வேறு யாராவது என்றால் கைக்குட்டையைத் துவைத்துப் போட்டிருப்பார்கள். ஹௌலட் 1912-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். தொடர்ந்து தேடி, 1915-ல் ஆண் ஈயைச் சுண்டி இழுக்கும் பொருளையும் சொன்னார்: மெத்தில் யூஜினால். நம் வீட்டுத் துளசியிலும் அது உண்டு. கசக்கிய துளசியைக் கொட்டாங்குச்சியில் போட்டு மருந்து கலந்து மரத்தில் கட்டும் வழக்கம் இதனால்தான்.

மரத்தில் ஆணும் பெண்ணும் தேடுவது ஒன்றல்ல. பெண்ணுக்கு முட்டை வளரப் புரதம் வேண்டும். இலைமேல் பூச்சிகள் விட்ட தேன் கழிவு, பறவை எச்சம், பாக்டீரியா என்று மேய்ந்துவிட்டு, பழுக்கப்போகும் காயைத் தேடும். ஆணோ மெத்தில் யூஜினாலைத் தேடித் தின்னும். தின்ற ஆணுக்கு அந்தி நேரத்தில் ஜோடி கிடைப்பது சுலபம் என்று 1990-களில் ஹவாயில் நிரூபித்தார்கள். ஆக, பொறியில் விழுவது பசியால் அல்ல, கல்யாண ஆசையால்!

இந்த ஆசையை வைத்தே பசிபிக் கடலின் ரோட்டா தீவில் விமானத்திலிருந்து மருந்துத் துண்டுகளைப் போட்டு, 1960-களில் ஈயை ஒழித்தார்கள்.

ஜப்பானின் ஒகினாவாவில் வேறு வழி. பாகற்காய், பூசணியைக் கெடுக்கும் ஈயை லேபில் கோடிக்கணக்கில் வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கிப் பறக்கவிட்டார்கள். 1972-ல் தொடங்கியது 1993-ல்தான் முடிந்தது. ஏன் இத்தனை வருடம்? தீவுகள் பல என்பது ஒரு காரணம். ஆனால் லேப் ஈயின் குணமும் சாதாரண விஷயமல்ல. தவிடு, சர்க்கரை, ஈஸ்ட் எல்லாம் தட்டில் வருகிறது, தேடவே வேண்டாம். நெரிசலான கூண்டில் சீக்கிரம் இணை சேருவதற்கே சந்ததி. தலைமுறைகள் போகப்போக குணம் மாறுகிறது. ஒகினாவாவில் லேப் ஆணை ஏற்க மறுத்த தோட்டத்துப் பெண் ஈக்களும் தோன்றின. லேப் மாப்பிள்ளை வேண்டாமாம்!

நம் தோப்புக்காரருக்குக் கைக்கெட்டுவது பொறிதான். அதிலும் ஒரு சிக்கல். ஒரு ஆண் பல பெண்களோடு சேரும் என்பதால், கொஞ்சம் ஆண்கள் தப்பினாலே போதும், முட்டை நிற்காது. புழு விழுந்த பழத்தை மரத்தடியிலேயே விட்டால் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். விழுந்ததைப் பொறுக்கி அழித்து, பொறியும் மாட்டியவர் தோப்புக்குக்கூட, ஒன்றும் செய்யாத பக்கத்துத் தோப்பில் ஏற்கெனவே ஜோடி சேர்ந்த பெண் ஈ வேலி தாண்டி வந்துவிடும். அதற்கு மெத்தில் யூஜினால் பொறி பொருட்டே இல்லை.