உண்ணிக்காய்ச்சல் ஆய்வில் சுண்டெலியின் மூளைச்சவ்வுச் செல்கள்: புதுச்சேரியை முன்வைத்து

சுண்டெலியின் மூளைச்சவ்விலிருந்து பிரித்தெடுத்த செல்கள் இன்று உறைநிலைக் குப்பிகளில் விலைக்குக் கிடைக்கின்றன. மூளைச்சவ்வு அழற்சியை ஆராய்பவர் எவரும் அவற்றை வாங்கி வளர்க்கலாம். ஆனால் எந்த நோய்க்கு அவை பொருந்தும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். புதுச்சேரி வட்டாரத்தைப் பொறுத்தவரை அந்த நோய் ஸ்க்ரப் டைஃபஸ் எனப்படும் உண்ணிக்காய்ச்சலே என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்நோயின் கிருமி ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. லெப்டோட்ராம்பிடியம் இனச் சிற்றுண்ணியின் இளவுயிரி கடிப்பதால் அது மனிதருக்குத் தொற்றுகிறது. 1975இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வாளர்கள் இவ்வுண்ணியைத் தேடிப் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் பிடித்த சிறுபாலூட்டிகளில் பெரும்பாலானவை நம் வீட்டோரங்களில் திரியும் மூஞ்சூறுகள். அவர்களது முடிவுகள் 2016இல் வெளிவந்தன. அதற்கு முன்பே, 2013இல், இக்காய்ச்சல் மூளைச்சவ்வைத் தாக்குவது பற்றிய மருத்துவமனை ஆய்வொன்று புதுச்சேரி நோயாளிகளை வைத்து ப்ளோஸ் ஒன் இதழில் வெளியானது. ஆக, கடத்தியும் நோயாளியும் ஆய்வு நிறுவனங்களும் ஒரே ஊரில் இருக்கின்றன. சவ்வுக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்விதான் மீதமிருக்கிறது.

மூளையை வன்சவ்வு, சிலந்திச் சவ்வு, மென்சவ்வு என மூன்று உறைகள் மூடியுள்ளன. இவற்றை வெறும் போர்வையாகவே நெடுங்காலம் கருதினர். ஆனால் கருவில் இச்சவ்வுச் செல்கள் சுரக்கும் ரெட்டினாயிக் அமிலம் மூளைப் புறணியின் வளர்ச்சியை வழிநடத்துவது 2009இல் சுண்டெலியில் காட்டப்பட்டது. வன்சவ்வில் நிணநீர்க் குழாய்கள் இருப்பதை 2015இல் இரு குழுக்கள் தனித்தனியே நிறுவின. எனவே நோயின்போது இச்செல்கள் வெறுமனே அடிபட்டுக் கிடக்கின்றன என்று கொள்வதற்கு இனி இடமில்லை.

மூளைச்சவ்வு அழற்சியை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமியின் ஆய்வுக்குச் சுண்டெலிச் செல் உதவாது. அக்கிருமி மனிதரிலேயே வாழப் பழகியது. இரும்புச்சத்தைக்கூட மனித இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்திலிருந்துதான் பறிக்கும். காசநோய் மூளைச்சவ்வு அழற்சியும் சுண்டெலியில் மனிதரில் போல வெளிப்படுவதில்லை. முயலே அதற்கு ஏற்றது எனப் பலர் கருதுகின்றனர். ஓரியன்ஷியாவின் நிலை வேறு. நோயாளியின் இரத்தத்தைச் சுண்டெலிக்குச் செலுத்திக் கிருமியைப் பிரித்தெடுப்பதே பழைய முறை. ஆய்வகங்கள் அதை வளர்த்துவரும் எல்929 செல்வழியும் சுண்டெலியின் நார்முன்செல்களிலிருந்து (ஃபைப்ரோபிளாஸ்ட்) வந்ததுதான். மூளைச்சவ்வுச் செல்களில் பெரும்பகுதியும் நார்முன்செல்களே. ஆகவே அவற்றில் இக்கிருமி வளருமா என்ற கேள்விக்கு உடன்பாடான விடையை எதிர்பார்க்கலாம். வளரும்போது அச்செல்கள் எந்த வேதிச் சமிக்ஞைகளை வெளியிட்டு நிணச்செல்களை அழைக்கின்றன என்பதே ஆராயத்தக்கது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். குப்பியில் 'சுண்டெலி' என்று எழுதியிருந்தால் போதாது. ஓரியன்ஷியாவின் கிலியம் வகைக்கு சி3ஹெச் இனச் சுண்டெலிகள் பலியாகின்றன. பால்ப்/சி இனம் தாக்குப்பிடிக்கிறது. இந்த வேறுபாட்டுக்கு ஒரு மரபணு இருப்பிடமே காரணம் என 1970களின் இறுதியிலேயே கண்டறிந்தனர். கிருமியிலும் வகைகள் உண்டு: கிலியம் பர்மாவிலிருந்து வந்தது, கார்ப் நியூ கினியிலிருந்து. உலக ஆய்வகங்கள் பெரிதும் நம்பும் இவ்வகைகளைக் கொண்டு புதுச்சேரி நோயாளியைப் பற்றிப் பேசுவது சரியாகாது. உள்ளூர் நோயாளியிடமிருந்து பிரித்த கிருமியே வேண்டும். குப்பியில் வரும் முதனிலைச் செல்கள் சில முறை பிரித்து வளர்த்ததுமே தம் இயல்பை இழந்துவிடும் என்பதால் தொடக்க நிலையிலேயே பயன்படுத்தியாக வேண்டும். இரத்தக்குழாய்ச் செல்களும் மேக்ரோஃபேஜ்களும் கலந்திருக்கின்றனவா என்று சாயமிட்டுப் பார்ப்பதும் தேவை. இவ்விரண்டுமே ஓரியன்ஷியாவுக்கு விருப்பமான உறைவிடங்கள். இந்தக் கலப்பைக் கவனிக்காத முடிவுகள் நம்பத்தக்கவை அல்ல.

இத்தனை சிரமம் எதற்கு? இக்காய்ச்சலில் எடுக்கும் தண்டுவட நீரில் நிணச்செல்கள் மிகுந்தும் புரதம் கூடியும் காணப்படும். காசநோய்க்கும் அதே படம்தான். உண்ணி கடித்த இடத்தில் தோலில் கரும்பொருக்கு தென்படாவிட்டால் மருத்துவர் தடுமாறுவார். உண்ணிக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் சில நாட்களில் பலன் தரும். காசநோய்க்கு மாதக்கணக்கில் மருந்து. தவறாகக் கணித்தால் நோயாளி உயிரையே இழக்கலாம். தொற்றிய சவ்வுச் செல்கள் வெளியிடும் சமிக்ஞைகளில் உண்ணிக்காய்ச்சலுக்கே உரிய ஒரு சேர்க்கை தெரிந்தால், அதை நோயாளியின் தண்டுவட நீரில் தேடிப் பார்க்கலாம். சுண்டெலிச் செல்லில் கண்டது மனிதரில் பொய்த்துப்போகவும் கூடும். அதனால்தான் செல் வளர்ப்பையும் தண்டுவட நீர் ஆய்வையும் ஒரே திட்டத்தில் இணைக்க வேண்டும். செல் வளர்ப்பை மட்டும் செய்து கட்டுரை வெளியிடுவது பாதி வேலை.

ஓரியன்ஷியாவை வளர்க்க மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகம் தேவை. செலவு கூடுதல்தான். ஆனால் பெருஞ்செலவில்லாமல் இன்றே தொடங்கக்கூடிய ஒரு பணி உண்டு. புதுச்சேரி மருத்துவமனைகள், நோயாளியின் ஒப்புதலோடும் நெறிக்குழுவின் அனுமதியோடும், பரிசோதனை முடிந்து எஞ்சும் தண்டுவட நீரை அப்புறப்படுத்தாமல் உறைநிலையில் சேமித்துவைக்க வேண்டும்.