பிறை நிலவும் சித்தம்பூண்டிக் கல்லும்

வல்லோன் அல்லாஹ் தன் திருமறையின் யூனுஸ் அத்தியாயத்தில் (10:5) சூரியனின் ஒளிக்கு ஒரு சொல்லையும் சந்திரனின் ஒளிக்கு வேறொரு சொல்லையும் ஆள்கின்றான். 'ளியா' முன்னது; 'நூர்' பின்னது. இன்றைய அறிவியல் கருவிகள் யாவும் அவ்வசனத்திலேயே சொல்லப்பட்டுவிட்டன என்று மேடைகளில் முழங்குவோர் உளர். நமக்கு அது உடன்பாடன்று. இறைவசனம் சிந்திக்கத் தூண்டுகின்றது. அவ்வாறு சிந்தித்தவர்கள் செய்தது என்ன என்று காண்பதே வரலாறு.

கி.பி. 965-இல் (ஹிஜ்ரி 354) பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் (ரஹ்) அவர்களின் 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஒளியியல் நூலைப் பலரும் அறிவர். சந்திரனின் ஒளியைப் பற்றியும், அதன் முகத்தில் தென்படும் கறைகளைப் பற்றியும் அவர் தனித்தனியே எழுதிய ஆய்வுரைகளை அறிந்தோர் சிலரே. சந்திரன் கண்ணாடி போன்றதெனில் கதிரவனின் ஒளி அதன் ஒரு சிறு புள்ளியிலிருந்து மட்டுமே நம்மை வந்தடைய வேண்டும். ஆனால் ஒளிபட்ட பகுதி முழுவதும் அல்லவா தெரிகின்றது! ஆகவே அதன் ஒவ்வோர் இடமும் ஒளியை ஏற்று எல்லாத் திசைகளிலும் பரப்புகின்றது என்றார் அவர். கறைகள் மேகமோ நிழலோ அல்ல. நிலவின் பொருள் இடத்துக்கு இடம் வேறுபடுவதால் அது ஒளியை ஏற்கும் தன்மையும் வேறுபடுகின்றது என்றும் எழுதினார். தொலைநோக்கி தோன்றுவதற்கு ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்டவை இவை.

பொருளின் வேறுபாட்டை ஒளியின் வேறுபாட்டால் அறியலாம் என்னும் இவ்வழியிலேயே இன்றைய நிறமாலைப் படக்கருவியும் நடக்கின்றது. ஒளி ஒரு கல்லின் மீது பட்டுத் திரும்புகையில், அக்கல் சில நிறங்களை விழுங்கிவிடும். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பிலும் அவ்வாறே. எந்த நிறம் குறைந்தது என்று நோக்கினால், தொடாமலேயே கல்லின் இனத்தைச் சொல்லிவிடலாம்.

2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-1 இத்தகைய கருவிகளைச் சுமந்து சென்றது. அவற்றுள் ஒன்றான அமெரிக்காவின் 'மூன் மினரலாஜி மேப்பர்' ஒளியை 260 கூறுகளாகப் பிரித்து நோக்கியது. நிலவின் மேற்பரப்பில் நீரின் தடயம் உண்டு என்ற செய்தி 2009 செப்டம்பரில் அதன் வழியாகவே உலகுக்குக் கிடைத்தது. நிலவின் வெண்மையான மேட்டுநிலங்கள் 'அனார்த்தசைட்' என்னும் பாறையால் ஆனவை என்பதையும் அது தெளிவாகப் படம்பிடித்தது.

வானிலிருந்து வரும் நிறமாலையைப் படிக்க, ஒப்பிட்டுப் பார்க்கும் கல் ஒன்று பூமியில் வேண்டுமல்லவா? அது நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடக்கின்றது. நாமக்கல் சேலத்திலிருந்து பிரியாதிருந்த காலத்திலேயே, 1956-இல், ஏ.பி. சுப்பிரமணியம் என்னும் நிலவியலார் இப்பாறைத் தொகுதியை ஆராய்ந்து விரிவாக எழுதியிருந்தார். பின்னர் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையினர் இக்கற்களின் நிறமாலையை அளந்து, நிலவின் மேட்டுநிலத்தோடு ஒப்பிட்டு வெளியிட்டனர். அண்டை ஊரார் வெறுங்கல் என்று கடந்துபோகும் பாறை இது!

இறங்கு கலத்தின் கால்களையும் ஊர்தியின் சக்கரங்களையும் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவு மண் தேவைப்பட்டது. சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் கல்லைப் பொடியாக்கி, 2012 முதல் ஏறத்தாழ 50 டன் அளவுக்குப் பெங்களூருக்கு அனுப்பினர். அம்மண் செய்முறைக்கு 2020-இல் காப்புரிமையும் கிடைத்தது. இதற்கிடையே 2019 செப்டம்பரில் விக்ரம் கலம் நிலவில் மோதி நொறுங்கியது. உழைத்தோர் கலங்கினர், ஆயினும் பணியைக் கைவிடவில்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 பத்திரமாகத் தரையிறங்கியது.

அதன் பிரக்யான் ஊர்தி 23 இடங்களில் ஊடுகதிர் நிறமாலைக் கருவியால் மண்ணைச் சோதித்தது. 2024 ஆகஸ்டில் வெளியான முடிவின்படி, அம்மண்ணும் அனார்த்தசைட் இனத்ததே. முழு ஒற்றுமை உண்டு என்று சொல்லிவிட முடியாது. சித்தம்பூண்டிக் கல்லில் நீர்க்கூறு கொண்ட ஹார்ன்பிளெண்ட் கலந்துள்ளது. அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். நிலவின் மேட்டுநிலமோ 400 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது.