புனித பேதுரு சானெல்: பசிபிக் தீவுகளின் முதல் மறைசாட்சி

திருவழிபாட்டு நாள்காட்டியில் ஏப்ரல் 28ஆம் நாள் புனித பேதுரு சானெலின் நினைவு நாள். பாஸ்கா காலத்தில் வரும் இந்நாளில், சிவப்பு உடையணிந்து திருப்பலியில் அவருடைய பெயரைச் சொல்லி மன்றாடுகிறோம். ஆனால் அவர் எங்கே உழைத்தார், எப்படி வாழ்ந்தார், என்ன எழுதி வைத்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. உழைப்புக்குப் பலன் தெரியவில்லையே என்று சோர்ந்துபோகும் எவருக்கும் இவருடைய வாழ்வு பெரும் ஆறுதல்.

இளமையும் அழைத்தலும்

பிரான்சு நாட்டின் பெல்லே மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில், 1803 ஜூலை 12 அன்று விவசாயக் குடும்பத்தில் பேதுரு சானெல் பிறந்தார். 1827 ஜூலை 15 அன்று குருவானார். அடுத்த ஆண்டு குரோசே என்னும் பங்கின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. விசுவாசம் மங்கிக் கிடந்த பங்கு அது. மூன்றே ஆண்டுகளில் அங்கே மக்கள் மீண்டும் ஆலயத்துக்கு வரத் தொடங்கினார்கள். அவர் சிறந்த மறையுரையாளர் என்பதற்காக அல்ல, நோயாளிகளைத் தேடிச் சென்று கவனித்தார் என்பதற்காகவே மக்கள் அவரை விரும்பினார்கள்.

மறைபரப்புப் பணிக்குச் செல்ல வேண்டும் என்ற ஆசையால் 1831இல் மரியாவின் சபையில் சேர்ந்தார். இச்சபைக்குத் திருத்தந்தை 16ஆம் கிரகோரி 1836இல் ஒப்புதல் அளித்து, மேற்கு ஓஷியானியாவின் தீவுகளை அதன் பொறுப்பில் ஒப்படைத்தார். அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று, ஆயர் பொம்பலியே தலைமையில் புறப்பட்ட முதல் குழுவில் சானெலும் இருந்தார். பயணம் பத்து மாதங்களுக்கு மேல் நீடித்தது. உடன் வந்த அருட்பணியாளர் ஒருவர் வழியிலேயே கடலில் இறந்தார்.

ஃபுதூனாவில் மூன்றரை ஆண்டுகள்

1837 நவம்பரில் சானெலும் அருட்சகோதரர் மரி நிசியேயும் ஃபுதூனா என்னும் சிறு தீவில் இறங்கினார்கள். தீவில் இரண்டு அரசுகள் இருந்தன; அவை ஒன்றோடொன்று பகை கொண்டிருந்தன. அரசர் நியுலிக்கி அவர்களை வரவேற்று, இடமும் உணவும் கொடுத்தார். மொழியை அறவே தெரியாத சானெல் அதை மெல்ல மெல்லக் கற்றார்.

மொழி வந்தபின் கேட்பவர்களும் வந்தார்கள். அதுவே அரசரின் கவலைக்குக் காரணமாயிற்று. தீவின் தெய்வமான ஃபகாவெலிகெலே அரசரிடத்தில் குடியிருப்பதாக மக்கள் நம்பினார்கள். அவருடைய அதிகாரம் அந்த நம்பிக்கையில் நின்றது. புதிய சமயம் பரவினால் தம் நிலை என்னாகும் என்று அவர் அஞ்சினார். உணவு வருவது குறைந்தது. சானெலும் சகோதரரும் கிழங்கு பயிரிட்டுத் தாங்களே உழைத்து உண்டார்கள். 1839இல் இரு அரசுகளுக்கும் இடையே போர் மூண்டபோது, காயம்பட்டவர்களுக்கு மருந்திட்டார்கள். 'நல்ல இதயம் உள்ள மனிதர்' என்று மக்கள் அவரை அழைத்தார்கள்.

அவருடைய எழுத்துகள்

சானெல் நூல் எதுவும் எழுதவில்லை. நமக்குக் கிடைத்திருப்பவை அவருடைய கடிதங்களும், தீவில் எழுதிய நாட்குறிப்பும்தான். இவற்றை அதே சபையின் அருட்பணியாளர் குளோது ரோசியே தொகுத்து, 1960இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார்.

நாட்குறிப்பைத் திறப்பவர் ஆழமான தியானங்களை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார். பெரும்பாலும் ஓரிரு வரிகளே. காற்றும் மழையும், தோட்ட வேலை, வந்து போனவர்கள், நோயாளிகளைச் சந்தித்தது, சாகும் நிலையில் இருந்த ஒரு குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தது. அடுத்த நாளும் அப்படியே. அதில் பெருமையும் இல்லை, புலம்பலும் இல்லை. கடைசிக் குறிப்பு 1841 ஏப்ரல் 22 அன்று எழுதப்பட்டது. மூன்றரை ஆண்டுகளில் அவரிடம் திருமுழுக்குப் பெற்றவர்கள் மிகச் சிலரே; அவர்களிலும் பெரும்பாலோர் சாகும் தறுவாயில் இருந்தவர்கள். கணக்குப் பார்த்தால், அது தோற்றுப்போன பணி.

மறைசாட்சியம்

அரசரின் மகன் மெயித்தாலா கிறிஸ்தவராக விரும்பியது அரசரின் கோபத்தை உச்சத்துக்குக் கொண்டு சென்றது. ஏப்ரல் 28 அதிகாலையில், அரசரின் மருமகன் முசுமுசு தன் ஆட்களோடு முதலில் மெயித்தாலாவையும் மறைக்கல்வி கற்று வந்தவர்களையும் தாக்கினார். பிறகு போயி என்ற இடத்தில் இருந்த சானெலிடம் வந்து, தமக்குக் காயம், மருந்து வேண்டும் என்றார். சகோதரர் மரி நிசியே அன்று வேறு ஊரில் இருந்தார். சானெல் மருந்து எடுக்கப் போனார். அதற்குள் மற்றவர்கள் தடியால் தாக்க, இறுதியில் முசுமுசு கோடரியால் வெட்டினார். தமக்கு இது நல்லதே என்ற பொருளில் அவர் தீவின் மொழியிலேயே சொன்னதாகச் சாட்சிகள் பின்னர் கூறினார்கள். அப்போது அவருக்கு வயது 37.

விளைச்சல்

1842இல் மறைபரப்பாளர்கள் ஃபுதூனாவுக்குத் திரும்பினார்கள். சகோதரர் மரி நிசியேயும் உடன் வந்தார். சில ஆண்டுகளிலேயே ஏறக்குறைய முழுத் தீவும் திருமுழுக்குப் பெற்றது. கொன்ற முசுமுசுவும் கிறிஸ்தவரானார். சானெலைத் தேடி வருகிறவர்கள் தம்மை மிதித்துச் செல்லும்படி, போயியில் ஆலயத்துக்கு வெளியே தம்மைப் புதைக்குமாறு அவர் கேட்டுக்கொண்டதாகத் தீவு மக்கள் இன்றும் சொல்கிறார்கள்.

திருத்தந்தை 13ஆம் லியோ 1889இல் சானெலுக்கு அருளாளர் பட்டமும், திருத்தந்தை 12ஆம் பயஸ் 1954இல் புனிதர் பட்டமும் அளித்தார்கள். பிரான்சுக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்த அவருடைய திருப்பண்டங்கள் 1977இல் ஃபுதூனாவுக்கே திரும்பி வந்தன.

நமக்கு ஒரு சொல்

அன்பார்ந்தவர்களே, ஒவ்வோர் ஆண்டும் பங்கின் அறிக்கையை எழுதும்போது திருமுழுக்கு எத்தனை, திருமணம் எத்தனை, மறைக்கல்வி மாணவர் எத்தனை பேர் என்று கட்டங்களை நிரப்புகிறோம். அது தேவைதான். ஆனால் ஒரு நோயாளியின் கட்டில் ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்த மாலைப் பொழுதுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. சானெலின் நாட்குறிப்பில் நிறைந்திருப்பது அத்தகைய பொழுதுகளே.

விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் மற்றொருவர் என்று ஆண்டவர் முன்பே சொல்லியிருக்கிறார். பத்துப் பிள்ளைகளில் இரண்டு பேர் மட்டும் வரும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பை விடாமல் நடத்தும் ஆசிரியருக்கும், ஆலயம் பக்கமே வராத மகனுக்காக ஆண்டுக்கணக்கில் செபமாலை சொல்லும் தாய்க்கும் சானெல் நல்ல துணை. தம்மை அடித்துக் கொல்ல வந்தவருக்கும் மருந்து எடுக்கப் போனவர் அவர். அவருடைய கணக்கை முடித்து எழுதியவர் ஆண்டவர். நம்முடைய கணக்கையும் அவரே எழுதட்டும்.

புனித பேதுரு சானெலே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.