ஆறாவது அத்தியாயம் வரை

இலண்டனில் வசிக்கும் எனது மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவது வழக்கம். நலம் விசாரித்து, இங்கத்தைய அரசியலை நான் ஒரு பாட்டம் பேசி முடித்த பின்னர், தான் அண்மையில் பார்த்த படங்களையும் தொடர்களையும் பற்றி அவள் கூறுவாள். அமெரிக்காவின் எச்.பி.ஓ. அலைவரிசை தயாரித்த "த வயர்" என்ற தொடரை நான் பார்த்தேயாக வேண்டும் என்று நெடுநாளாக வற்புறுத்தி வந்தாள்.

"ஒரு பத்திரிகைக்காரன் எழுதின கதை அப்பா. நாலு எபிசோட் பொறுத்துப் பாருங்கோ. பிறகு நீங்களே விடமாட்டீங்கள்."

முதல் அத்தியாயத்தின் பாதியில் நான் உறங்கிப்போனேன். மறுநாள் மீண்டும் ஆரம்பத்திலிருந்து பார்த்தேன். ஒரு கொலை வழக்கு, மனம் மாறிய சாட்சி, விடுதலையாகும் இளைஞன், நீதிபதியிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளும் துப்பறிவாளன். யார் எவர் என்று மட்டுக்கட்டுவதற்குள் வேறு பத்துப் பேர் வந்து போனார்கள். எவரும் எனக்கு எதனையும் விளக்கவில்லை. இரண்டாவது அத்தியாயம் முடிந்தபோது, ஐம்பது வயதைக் கடந்த ஒருவன் தனக்கு எஞ்சியிருக்கும் மாலைப்பொழுதுகளை இவ்வாறு செலவிடத்தான் வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. நாலு அத்தியாயம் என்பது நான்கு மணித்தியாலம் அல்லவா?

எனது தொழிலும் இதற்கு ஒரு காரணம். நான் பத்திரிகைத்துறைக்கு வந்த புதிதில், எனது முதற் செய்தியைக் கையில் எடுத்த செய்தி ஆசிரியர், "செத்தது யாரெண்டு தெரிய நான் ஏன் நாலாம் பந்தி வரைக்கும் வரவேணும்?" என்று கேட்டுத் தாளைத் திருப்பி எறிந்தார். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்ற ஐந்துக்கும் முதற் பந்தியிலேயே விடை இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் கடைசிப் பந்தியிலிருந்து வெட்டிக்கொண்டு வருவார்கள். முப்பது வருடங்களுக்கு மேலாக இப்படியே எழுதிப் பழகியவனுக்கு, முதல் இரண்டு மணித்தியாலத்தில் ஐந்தில் ஒன்றுக்குக்கூட ஒழுங்கான விடை தராத ஒரு கதை எரிச்சலூட்டியதில் வியப்பில்லை.

எரிச்சலோடு, இதனை எழுதியவர் யார் என்று தேடிப் பார்த்தேன். டேவிட் சைமன் 1982 முதல் 1995 வரை "பால்டிமோர் சன்" பத்திரிகையில் பொலிஸ் செய்திகளை எழுதியவர். பால்டிமோர் நகரக் கொலைப் புலனாய்வுப் பிரிவினருடன் ஓராண்டு காலம் கூடவே இருந்து 1991இல் ஒரு நூலை வெளியிட்டார். போதைப்பொருள் விற்கும் தெருமூலை ஒன்றைப் பற்றி எட் பேர்ன்ஸ் என்பவருடன் இணைந்து எழுதிய இரண்டாவது நூல் 1997இல் வந்தது. பேர்ன்ஸ் முன்னாள் துப்பறிவாளர். பொலிஸ் சேவையிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர் அதே நகரின் அரச பாடசாலையில் ஆசிரியராகப் பணியாற்றியவர். இவ்விருவரும் சேர்ந்து உருவாக்கிய "த வயர்" 2002 ஜூன் 2ஆம் திகதி ஒளிபரப்பாகத் தொடங்கி, ஐந்து பருவங்களில் 60 அத்தியாயங்களைக் கண்டு, 2008 மார்ச் 9ஆம் திகதி நிறைவுற்றது.

சராசரி வாசகனுக்காக எழுது என்பதே பத்திரிகையில் சைமனுக்கும் கற்பிக்கப்பட்ட பாடம். அந்தச் சராசரி வாசகனை இனிப் பொருட்படுத்துவதில்லை என்று அவர் நாவலாசிரியர் நிக் ஹோர்ன்பிக்கு 2007இல் அளித்த பேட்டியில் கூறினார். (அவர் பயன்படுத்திய சொல்லை இங்கு அச்சிட இயலாது.) அறிமுகம் இல்லாத ஓர் ஊருக்குள் நுழைபவனுக்கு யாரும் குறிப்பேடு தருவதில்லை, தெருவில் நின்று கேட்டுக் கேட்டுத்தான் பிடிபட வேண்டும். தொடரும் அப்படியே இருக்க வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு.

அலைவரிசைக்கு அந்தத் துணிவு முழுமையாக இருக்கவில்லை என்பதற்கு முதல் அத்தியாயத்திலேயே ஒரு தடயம் உண்டு. இறுதிக் காட்சியில் தெருவில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தவர் அவர். பார்ப்பவர்களுக்கு அந்த முகம் நினைவிருக்காதோ என்று அஞ்சிய எச்.பி.ஓ., சாட்சிக் கூண்டுக் காட்சியின் ஒரு துண்டை அந்த இடத்தில் மீண்டும் காட்டச் செய்தது. சைமனுக்கு அதில் விருப்பமில்லை. அதன் பின்னர் இவ்வகை நினைவூட்டலுக்குத் தொடரில் இடமளிக்கப்படவில்லை.

தொடரின் பெயரைக் கவனியுங்கள். தொலைபேசியை ஒட்டுக்கேட்பதையே அது குறிக்கிறது. ஆனால், தெருவோரத் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்கும் வேலை ஆறாவது அத்தியாயத்தில்தான் ஆரம்பமாகிறது! அதுவரை, ஏனைய பிரிவுகள் வேண்டாமென்று கழித்துவிட்ட பொலிஸாரைத் திரட்டி ஒரு நிலக்கீழ் அறையில் அமர்த்துவதும், அவர்கள் செய்வதறியாது திகைப்பதும்தான் கதை.

என்னைப் பிடித்து நிறுத்தியது நான்காவது அத்தியாயத்தின் தொடக்கம். வாசலில் ஒரு மேசை சிக்கிக்கொள்கிறது. இரு பக்கமும் ஆட்கள் நின்று தம் பலமெல்லாம் திரட்டித் தள்ளுகிறார்கள், இழுக்கிறார்கள். அசைவதாக இல்லை. களைத்துப்போன பின்னர்தான், ஒரு பக்கத்தவர் அதனை உள்ளே கொண்டுவரவும் மறுபக்கத்தவர் வெளியே எடுக்கவும் முயன்றிருக்கிறார்கள் என்பது வெளிப்படுகிறது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஓர் அலுவலகத்தில் பல்லாண்டு இருந்தவன் எவனும் அந்த மேசையை அறிவான். மகள் சொன்ன கணக்குப் பிழைக்கவில்லை.

ஆயினும், சிரிப்பைக் காட்டிலும் வேறொன்று என்னை உலுக்கியது. இரண்டாவது அத்தியாயத்தில் பிரெஸ் என்று அழைக்கப்படும் இளம் பொலிஸ்காரன் ஒருவன் பதினான்கு வயதுச் சிறுவனைத் துப்பாக்கியால் முகத்தில் அடிக்கிறான். சிறுவனுக்கு ஒரு கண் பறிபோகிறது. பிரெஸ் மேலதிகாரி ஒருவரின் மருமகன், தப்பித்துக்கொள்கிறான். நான் அங்கேயே தொடரைக் கைவிட்டிருந்தால் அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வெளியே செல்ல அனுமதி மறுக்கப்பட்டு அறைக்குள் குந்தியிருக்கும் அதே ஆள்தான், ஐந்தாவது அத்தியாயத்தில் போதைப்பொருள் கும்பலின் இரகசிய எண்குறியை உடைக்கிறான். நான்காவது பருவத்தில் பொலிஸ் உடையைக் களைந்துவிட்டு, அந்தச் சிறுவனைப் போன்ற பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியராக வகுப்பறையில் நிற்கிறான். பத்திரிகையில் இவனுக்குக் கிடைத்திருக்கக்கூடியது மூன்று வரி. "சிறுவனைத் தாக்கிய பொலிஸ்காரர்" என்ற மூன்று வரி. அது பொய்யுமல்ல. நான் எழுதிய மூன்று வரிச் செய்திகளில் இருந்த மனிதர்களை எண்ணிக்கொண்டு அன்றிரவு நெடுநேரம் விழித்திருந்தேன்.

மெதுவாகத் தொடங்கும் ஒரு தொடர் உயிர் பிழைப்பதற்கு எங்கோ ஒருவர் காத்திருக்கச் சம்மதிக்க வேண்டும். தொலைக்காட்சியின் வரலாற்றில் நெடுங்காலம் அப்படிக் காத்திருந்தவர் பார்வையாளர் அல்லர், அலைவரிசையை நடத்தியவர்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மூன்று பெரும் அலைவரிசைகளில் கடைசியில் நின்றது என்.பி.சி. 1981 ஜனவரியில் அது ஆரம்பித்த "ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்" என்ற பொலிஸ் தொடரைப் பார்த்தோர் மிகக் குறைவு. இருந்தும் அலைவரிசை அதற்கு இரண்டாவது பருவம் கொடுத்தது. அதே ஆண்டு அத்தொடர் 21 எம்மி பரிந்துரைகளைப் பெற்று எட்டு விருதுகளை வென்றது. 1982 செப்டெம்பர் 30ஆம் திகதி தொடங்கிய "சியர்ஸ்" என்ற நகைச்சுவைத் தொடரின் முதல் அத்தியாயம், அக்கிழமை ஒளிபரப்பான 77 நிகழ்ச்சிகளில் 74ஆவது இடத்தில் வந்தது. அதை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் போடுவதற்கு என்.பி.சி.யிடம் அதைவிட நல்லதாக வேறெதுவும் இருக்கவில்லை என்பதும் அது தப்பியதற்கு ஒரு காரணம். பொறுமை எப்போதும் பெருந்தன்மையால் வருவதில்லை. அந்தத் தொடர் பதினொரு பருவங்கள் ஓடியது. 1993 மே 20ஆம் திகதி அதன் இறுதி அத்தியாயத்தைப் பார்த்தவர்கள் எட்டுக் கோடிக்கும் அதிகம்.

"சைன்ஃபெல்ட்" இன்னும் விசித்திரம். 1989 ஜூலையில் காட்டப்பட்ட அதன் வெள்ளோட்ட அத்தியாயத்தைப் பரீட்சார்த்தமாகப் பார்த்தவர்கள், தேறாது என்றே தீர்ப்பளித்தார்கள். விசேட நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருந்த ரிக் லுட்வின் என்ற அதிகாரி தமது பிரிவின் பணத்திலிருந்து எடுத்து, நான்கே நான்கு அத்தியாயங்களுக்கு வழி செய்தார். ஒன்பது பருவங்களின் பின்னர் 1998இல் அது முடிவடைந்தபோது, அமெரிக்காவில் அதனை அறியாத வீடு இருந்திருக்காது.

எமது பிராந்தியத்தில் இதற்கு நிகரான கதை "ஹம் லோக்" தொடருடையது. தொடர் நாடகத்தின் ஊடாகச் சமூகக் கருத்துக்களைப் பரப்பலாம் என்று மெக்சிக்கோவில் மிகுவேல் சபிதோ என்பவர் 1970களில் செய்து காட்டியிருந்தார். அந்த அனுபவத்தை முன்மாதிரியாகக் கொண்டு தூர்தர்ஷன் 1984 ஜூலை 7ஆம் திகதி இந்தத் தொடரை ஆரம்பித்தது. எழுதியவர் மனோகர் சியாம் ஜோஷி என்ற இந்தி எழுத்தாளர்; அவரும் பத்திரிகையாளர்தான். முதல் 13 அத்தியாயங்களில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் தூக்கலாக இருந்தது. மக்கள் முகம் சுளித்தார்கள். தொடரை நிறுத்தவில்லை; உபதேசத்தைக் குறைத்து, ஒரு கீழ் நடுத்தரக் குடும்பத்தின் அன்றாடப் பாடுகளுக்கு இடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் முதுபெரும் நடிகர் அசோக் குமார் தோன்றி அன்றைய கதையைப் பற்றி இரண்டொரு வார்த்தை பேசினார். பதினேழு மாதங்கள் ஓடிய அத்தொடருக்கு நேயர்களிடமிருந்து வந்த கடிதங்கள் நான்கு இலட்சம் என்பர்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அன்றைய இந்திய நேயருக்குத் தூர்தர்ஷனை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. பிடிக்காவிட்டால் பெட்டியை அணைக்கலாம், அவ்வளவே. அதனைப் பொறுமை என்று அழைப்பது சரியா என்று எனக்கு ஐயம் உண்டு.

"த வயர்" தொடரிடம் திரும்புவோம். எச்.பி.ஓ. விளம்பரத்தில் வாழும் அலைவரிசை அல்ல. சந்தாப் பணத்தில் வாழ்வது. ஆகவே கிழமைக்குக் கிழமை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு அதன் கழுத்தை உடனடியாக நெரிப்பதில்லை. ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருந்தது. 2004 டிசம்பரில் மூன்றாவது பருவம் முடிந்த கையோடு தொடரை மூடிவிடும் நிலை ஏற்பட்டது. பார்ப்போர் தொகை சிறிது. எம்மி விருது ஒன்றுகூட இல்லை. (இறுதிவரை அது எம்மி வெல்லவில்லை. எழுத்துக்காக இரு முறை பரிந்துரைக்கப்பட்டதோடு சரி.) சைமன், அப்போது எச்.பி.ஓ.வின் தலைவராயிருந்த கிறிஸ் அல்பிரெக்டிடம் மன்றாடி, மீதிக் கதையை எடுத்துரைத்து, அனுமதி பெற்றார். நான்காவது பருவம் 2006 செப்டெம்பரில்தான் திரைக்கு வந்தது.

பாடசாலையையும் நான்கு சிறுவர்களையும் பற்றிய பருவம் அது. எட் பேர்ன்ஸின் ஆசிரிய அனுபவம் முழுவதும் அதில் இறங்கியிருக்கிறது. நான் பார்த்தவற்றில் அதற்கு ஈடாக எதனையும் சொல்லமாட்டேன். அல்பிரெக்ட் அன்று மறுத்திருந்தால் அது எழுதப்பட்டே இராது. இல்லாத ஒன்றுக்காக எவரும் கவலைப்பட்டிருக்கவும் மாட்டார்கள்.

இன்று நிலைமை தலைகீழ். 2013 பெப்ரவரி 1ஆம் திகதி நெட்ஃபிளிக்ஸ் தனது "ஹவுஸ் ஒஃப் கார்ட்ஸ்" தொடரின் 13 அத்தியாயங்களையும் ஒரே நாளில் வெளியிட்டது. அதிலிருந்து, காத்திருக்கும் பொறுப்பு அலைவரிசையிடமிருந்து நழுவி எமது மடியில் வந்து விழுந்திருக்கிறது. பத்து அத்தியாயமும் முன்னால் கிடக்கின்றன. தொடர்வதா விடுவதா என்பதை நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் நாமே தீர்மானிக்கிறோம்.

மெதுவானதெல்லாம் நல்லது என்று வாதிட வரவில்லை. இரண்டு மணித்தியாலப் படத்துக்கு மாத்திரமே சரக்குள்ள கதையை எட்டு அத்தியாயமாக இழுத்திருப்பதை நானும் பார்த்து நொந்திருக்கிறேன். நான் கைக்கொள்ளும் சோதனை ஒரு உப ஆசிரியருடையது. ஒரு காட்சியை மனதுக்குள் வெட்டிப் பார்ப்பேன். வெட்டிய பின்னும் கதை நோகாமல் நடந்தால் அது வெறும் இழுவை. "த வயர்" தொடரின் மேசைக் காட்சியை வெட்டினால் கதை நடக்கும்தான். ஆனால் அந்தப் பொலிஸார் ஏன் தோற்கிறார்கள் என்பது விளங்காது. சோதனை முழுமையானது அல்ல. நான்கு அத்தியாயத்தின் பின்னர்தான் அதனைப் பிரயோகிக்க முடிகிறது என்பது அதன் பெரிய குறை.

ஐந்தாவது பருவம் பத்திரிகை அலுவலகத்தில் நடக்கிறது. ஆட்குறைப்பு, மூடப்படும் வெளிநாட்டுக் கிளைகள், பொய்ச் செய்தி புனையும் நிருபன். அதில் நகரச் செய்தி ஆசிரியராக நடிக்கும் கிளார்க் ஜோன்சன்தான் தொடரின் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் இயக்கியவர். கடைசி அத்தியாயத்தின் பெயர் "30". அமெரிக்க நிருபர்கள் தமது பிரதியின் முடிவில் இடும் பழைய அடையாளம் அது. அதனைப் பார்த்து முடித்த ஞாயிற்றுக்கிழமை, மகளின் அழைப்புக்குக் காத்திராமல் நானே எடுத்தேன். பிரெஸைப் பற்றியும் அந்த நான்கு சிறுவர்களைப் பற்றியும் மூச்சுவிடாமல் பேசினேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை.

"அப்பா, நான் ரெண்டாவது சீசனோடை விட்டிட்டன். அந்த ஹாபர் கதை துவங்கினவுடனை ஒண்டும் விளங்கேல்லை."

கொள்கலனுக்குள் 13 பெண்களின் சடலங்கள் இருக்கும் இடம் வரை வந்தாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். அது முதல் அத்தியாயத்திலேயே வருகிறது என்றேன். திரும்பத் தொடங்கியிருப்பதாகச் சென்ற கிழமை சொன்னாள்.